காகிதப் பாதம்

அமெரிக்காவின் அலபாமாவில் நிறப்பாகுபாடு சட்டமாக இருந்த காலம். ஒரு ஷூ கடையில், நிலைக்கண்ணாடி மேல் காலை வெயில் விழுகிறது. கறுப்பர்கள் இங்கே ஷூவைப் போட்டுப் பார்க்கக் கூடாது. பாதத்தைக் காகிதத்தில் வரைந்து வந்து அளவு காட்டி வாங்க வேண்டும். லூவெர்ன் கையிலிருப்பது அவள் பாதத்தைக் கணவன் அமோஸ் வரைந்த காகிதம். போன தடவை அவன் வரைந்ததை நம்பி வாங்கியதில் வந்த குதிகால் புண் இன்னும் ஆறவில்லை. காகிதத்தைக் கசக்கிவிட்டு, வெள்ளைக்காரிகளுக்கென்று போட்ட நாற்காலியில் உட்கார்ந்து புது ஷூவுக்குள் காலை நுழைக்கிறாள். கடைக்காரர் முகம் சிவக்கிறது.

"அளவுக் காகிதம் எங்க?"

"காகிதம் நடக்காதுங்க. நான்தான் நடக்கணும்."

வாசலில் நிற்கும் அமோஸ் பல்லைக் கடிக்கிறான். "என் மானத்த வாங்காத. எந்திரிடி."

லூவெர்ன் வாரை நிதானமாக மாட்டுகிறாள். எழுந்து, புது ஷூ தரையில் டக்டக்கென்று ஒலிக்க, நிலைக்கண்ணாடி வரை நடக்கிறாள்.