ஆண்டவரின் பங்கு

இன்றைக்காவது வருகிறவர் ஆண்டவராக இருக்கட்டும் என்று நினைத்தபடி லேயாள் கடைசிக் களி உருண்டையை மூடி வைத்தாள். எந்நேரமும் ஆயத்தமாயிருங்கள் என்று உபதேசியார் சொன்ன நாள்முதல், யுத்தப் பஞ்சத்திலும் ஆண்டவருக்கென்று ஓர் உருண்டை ஒதுக்கி வந்தாள். "ஏண்டி, உன் ஆண்டவரு களி திம்பாரா?" என்று சிரித்தபடி புருஷன் ஈசாக்கு அதையும் தின்றுவிடுவான்.

உச்சிவேளையில் ஈசாக்கு வாசலில் வந்து நின்றான். போன மாசியில் காரிமங்கலத்துக் கல்லறைத் தோட்டத்தில் அவனுக்கு அவளும் ஒரு பிடி மண் போட்டிருந்தாள். நேற்று அவன் வந்தபோது பயந்துபோய்க் களியைக் கொடுத்துவிட்டாள். அவன் தலைமுடியில் மண் காய்ந்திருந்தது. நாய் வாலாட்டியது.

"பசிக்குதுடி. இத்தினி வருசமா வராதவரு இன்னிக்கு வந்துருவாராக்கும்?"

அவள் மனமும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தது.

"வேற வூடு பாருங்க," என்று மெல்லச் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.