ஆடாத வண்டி

"நிறுத்திட்டான்யா மறுபடியும்" என்று முதலில் குரல் கொடுத்தவர் லேத் பட்டறைக்காரர்தான்.

ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து சவாரி போகிற பைக்குகளில் மருந்துக்கடைக்காரருடையதுதான் கிழம். ‘வி’ வடிவில் விரிந்து நிற்கும் இரண்டு சிலிண்டர்; ஒரு துண்டு ரப்பர்கூட இல்லாமல் எஞ்சினை நேராக ஃபிரேமோடு முடுக்கியிருந்தார்கள். எஞ்சின் ஆடினால் வண்டி ஆடும். வண்டி ஆடினால் மருந்துக்கடைக்காரரின் தாடையும் ஆடும்.

"போல்ட்டு லூசாயிருக்கும்ணே. ஒரு தடவை பார்த்துடறேன்" என்று ஸ்பேனரோடு குனிந்தார் மருந்துக்கடைக்காரர்.

"அப்படியே உன் பல்லையும் சேர்த்து முடுக்கிக்க" என்றார் பட்டறைக்காரர்.

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் பட்டறைக்காரர் புதர்ப் பக்கம் நழுவியிருந்தார்.

அறுபதைத் தாண்டியவர். புதிதாகப் போடும் பிரஷர் மாத்திரையின் உபயத்தில் அரை மணி நேரம் சிறுநீரை அடக்குவதே பெரிய பாடு. வெளியே சொல்ல முடியுமா? போன வருஷம் "கொஞ்சம் நிறுத்துங்கப்பா" என்று இரண்டு தடவை கேட்ட பெரியவரை, சாப்பாட்டுக் கூடைகளோடு பின்னால் வரும் வேனில் உட்கார வைத்துவிட்டார்கள். அந்தக் கதி தனக்கும் வந்தால் அவர் செத்தே போவார். ஆக, வழியெல்லாம் நின்று நின்று போகும் அந்த ஓட்டை வண்டிதான் அவர் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

ஆனாலும் நாக்கு சும்மா இருக்குமா?

"எஞ்சினுக்குள்ள சுத்தற கிராங்க்கைக் கழற்றி என் பட்டறைக்குக் கொண்டா. எடை ஒரு பக்கமா இழுக்குது. துளை போட்டு பேலன்ஸ் பண்ணித் தரேன். ஓடற வேகத்துல ஆட்டமே தெரியாது."

"உங்களுக்கு எதுக்குண்ணே சிரமம்?"

"ஏன், என் வேலை மேல நம்பிக்கை இல்லையா?"

கூட்டமே பார்த்துக்கொண்டிருந்தது. கசப்பு மருந்தை விழுங்கியவர்போல "சரிண்ணே" என்றார் மருந்துக்கடைக்காரர்.

வேலை சுத்தம். ஆக்ஸிலரேட்டரை முறுக்கிப் பிடித்து, டேங்க் மேல் தண்ணீர் டம்ளரை வைத்துக் காட்டினார் பட்டறைக்காரர். ஒரு சொட்டு சிந்தவில்லை. மீசையை நீவிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு, வண்டி வழுக்கிக்கொண்டு போனது. வழக்கமாக நிற்கும் பெட்ரோல் பங்க் வந்தது, நிற்கவில்லை. பாலம் வந்தது, நிற்கவில்லை.

அப்போதுதான் பட்டறைக்காரருக்கு உறைத்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைத் துளை போட்டு, அளவு பார்த்து வைத்திருக்கிறார்.

பல்லைக் கடித்தார். வேனை நினைத்துப் பார்த்தார். இனி முடியாது, போகிறது மானம் என்று கையைத் தூக்கப் போன நேரத்தில், முன்னால் போன மருந்துக்கடைக்காரர் ஓரங்கட்டினார்.

"இப்ப என்னய்யா? அதான் ஆட்டம் நின்னுபோச்சே" என்று கூச்சலிட்டது கூட்டம்.

"அதான் பயமா இருக்கு. இத்தனை வருஷம் ஆடின வண்டி திடீர்னு ஆடலைன்னா சந்தேகம் வராதா? ஒரு தடவை பார்த்துடறேன்."

பட்டறைக்காரருக்கு அவசரத்தையும் மீறி ரோஷம் வந்தது. பக்கத்தில் போய்க் குனிந்து ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டுப் பார்த்தார். எல்லாமே கழலாதபடி கம்பி போட்டுக் கட்டியிருந்தது. துருவேறிய பழைய கம்பி.

"ஏம்ப்பா, இது என்னைக்குமே லூசாகியிருக்க முடியாதே?"

மருந்துக்கடைக்காரர் நிமிராமல், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"அந்த மாத்திரையை என் கடையிலதானண்ணே வாங்கறீங்க? போய்ட்டு வாங்க, நான் மெதுவா முடுக்கறேன்."