அலை மூன்று மீட்டர்

கப்பலில் வெப்சைட் எதுவும் திறக்காது, மெயில் மட்டும்தான்; கடல் வானிலையை நீதான் பார்த்து அனுப்ப வேண்டும் என்று கப்பலில் வேலை பார்க்கும் விமல் எழுதியிருந்தான். அதனால் ராஜபாளையம் மில்லில் நைட் ஷிப்ட் முடித்து வன்னியம்பட்டியில் அம்மா வீட்டுக்கு வந்ததும், ஜாஸ்மின் கண் எரிய எரியச் செல்போனில் கடல் வானிலையைப் பார்த்துக் கணவனுக்கு மெயில் அனுப்புவாள்.

"அலை மூன்று மீட்டர். காற்று பலமாக வீசும்."

அவ்வளவுதான். வேறொரு வார்த்தை சேர்க்கமாட்டாள்.

"ஏட்டி, செத்த நேரம் படு. பொறவு அனுப்பலாம்," என்பாள் அம்மா.

"கப்பல்ல அம்புட்டுப் பேரு உசுரு இருக்கும்மா."

ஒருநாள் காய்ச்சலில் பகல் முழுக்கத் தூங்கிவிட்டாள். விழித்ததும் பதறிப்போய்க் கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"சார், இன்னைக்கு நான் வானிலை அனுப்பல. கப்பலுக்கு ஒண்ணும் ஆகலையே?"

மறுமுனையில் சிரிப்புக் கேட்டது.

"கேப்டனுக்குத் தினமும் நாங்களே மெயில்ல அனுப்பிருவோம்மா. நீங்க எதுக்கு அனுப்புறீங்க?"

போனை வைத்தவள் அலுப்போடு விமலுக்கு எழுதினாள்: "பொறவு என் தூக்கத்த ஏன் கெடுத்தீக?"

பதில் உடனே வந்தது.

"நீ கோவிச்சுக்கிட்டு உங்கம்மா வீட்டுக்குப் போனதுலருந்து எம்புட்டோ மெயில் போட்டேன். வானிலை கேட்டதுக்கு மட்டும்தான் பதில் வந்துச்சு."