புரோட்டா மாஸ்டர் மகள் குளிக்கிறாள்

லுங்கியைத் தொடைவரை சுருட்டிவிட்டு, இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்தான்.

முழங்காலுக்குக் கீழே, கால்களின் மேல் மகள். பிறந்து இருபத்து மூன்று நாள். துணியில்லாமல் கையையும் காலையும் உதறிக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் ஒரு வாளி வெந்நீர், ஒரு வாளி பச்சைத்தண்ணீர், ஒரு செம்பு.

எதிரே குழாயடியில் லைன் வீட்டுப் பெண்கள். தண்ணீர் நின்று அரைமணி நேரமாகிறது. ஒருத்தியும் நகரவில்லை. அப்பன் மகளைக் குளிப்பாட்டுவதென்ன, கரகாட்டமா?

வாசற்படியில் வீராயி. அவன் மனைவி நிரோஷாவின் சித்தி. நிரோஷா காய்ச்சல் கண்டு மறுபடி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். பிள்ளையைத் தூக்கிப் போகத்தான் திருமங்கலத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள் வீராயி.

"கொஞ்ச நாளைக்குத்தான் மாப்ள. அவ தேறுற வரைக்கும்."

கொஞ்ச நாளைக்கு.

அவனையும் அப்படிச் சொல்லித்தான் அநாதைப் பிள்ளைகள் ஹோமில் விட்டார்கள். அப்போது அவனுக்கு இரண்டு வயது. பதினாறு வருஷம் அங்கேயே கிடந்தான். ஒரு நாதி வரவில்லை.

விடமாட்டான். யார் வந்து கேட்டாலும் விடமாட்டான்.

"உங்களுக்குக் குளிப்பாட்டத் தெரியுமா?" என்று கேட்டிருந்தாள் வீராயி. அதற்குத்தான் உட்கார்ந்திருக்கிறான்.

வெந்நீரை விளாவினான். கையை விட்டுப் பார்த்தான். இதமாக இருந்தது. செம்பில் மொண்டு தூக்கினான். தளும்பி அவன் தொடையில் கொஞ்சம் விழுந்தது.

சுரீர் என்றது.

செம்பு அப்படியே அந்தரத்தில் நின்றது.

ஒன்பது வருஷமாகக் கல்லில் புரோட்டா போடுகிற கை. ஆவி பறக்க எடுத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அடித்து உதிர்க்கிற கை. அதற்குச் சூடு தெரியாமல் போய் எவ்வளவு காலமாயிற்றோ. இன்றுதான் அவனுக்கே தெரிந்தது.

வீராயி ஓடிவந்து வாளிக்குள் விரலை விட்டாள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஆத்தாடி! பச்சப்புள்ளைய அவிச்சிருப்பீகளே!"

"அப்படியே சால்னாவையும் ஊத்தச் சொல்லு," என்றது குழாயடி. சிரிப்பு.

வீராயி இரண்டு கையையும் நீட்டினாள்.

"குடுங்க."

மகளை அள்ளி நெஞ்சோடு வைத்திருந்தான். பயம்தான். அந்தச் செம்பு சாய்ந்திருந்தால் என்கிற பயம். மகளுக்கு அதெல்லாம் ஒன்றுமில்லை. அவன் மாரில் வாயை வைத்துப் பால் தேடிக்கொண்டிருந்தாள்.

கொடுக்கவில்லை.

"நீட்டுன கைய வாளிக்குள்ள விடுங்க அத்தை," என்றான். "சூடு நீங்க சொல்லுங்க. ஊத்துறது நான்தான்."

குழாயடியில் இப்போது யாரும் சிரிக்கவில்லை.

மகளை மறுபடி காலில் கிடத்தினான்.

வீராயி அவனை முறைத்தாள். நன்றாகவே முறைத்தாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாளிப் பக்கத்தில் குந்தினாள். விரல் நுனியை விட்டுப் பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு செம்பு பச்சத்தண்ணி."

ஊற்றினான்.

"இன்னொண்ணு."

ஊற்றினான்.

"ம்."

முதல் செம்பு மகளின் வயிற்றில் விழுந்தது. வீலென்று கத்தினாள். கத்தட்டும். தொண்டை இருக்கிறது, கத்துகிறாள். இரண்டாவது செம்பு, மூன்றாவது செம்பு. அவன் நிறுத்தவில்லை.

"கழுத்து மடிப்புல அழுக்கு நிக்கும். அத எடுக்கத் தெரியுமா?"

"தெரியும்," என்றான்.

தெரியாது.

அது வீராயிக்கும் தெரியும். ஈரக் கையைச் சேலையில் துடைத்து, இந்த முறை நீட்டாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.