மூங்கில் வளைவில் மட்டும் அலறும் ஹாரன்

இதைக் கேட்டால் வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள். ஆனால் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். நான் சொல்லும்போது சிரித்தால் போதும்.

என் தாய்மாமா ஆர்சேசியோ ஒரு பழைய ஜீப் வாங்கினார். அவரைவிட அதற்கு வயது அதிகம். கில்தார்தோ என்ற டிரைவர் சாகிற வரை ஓட்டிய வண்டி. அவர் போனதும், அவர் மனைவி இஸ்மேனியா அத்தை அதை மாமாவுக்கு விற்றுவிட்டார்.

கதவு உதைத்தால்தான் திறக்கும். வைப்பரைக் கயிறு கட்டி இழுக்க வேண்டும். சேற்றில் நாலு சக்கரமும் இழுக்க ஒரு குட்டைக் கம்பியைத் தள்ள வேண்டும். கெட்ட வார்த்தை ஒன்று சொல்லாமல் அது நகராது.

இதையெல்லாம் மாமா ஒருவழியாகச் சரிசெய்துவிட்டார். இரண்டு கோளாறுதான் மிச்சம். ஒன்று, ஏற்றத்தில் எஞ்சினை அணைத்தால் அவ்வளவுதான். ஆள் தள்ளினால்தான் மறுபடி கிளம்பும். இன்னொன்று ஹாரன்.

ஊரெல்லாம் சமர்த்தாக இருக்கும் ஹாரன், மூங்கில் வளைவில் ஏறும்போது மட்டும் தானாக அலறும். பாப்! பாப்! பாஆஆஆ!

மூங்கில் வளைவுக்கு நேர் மேலேதான் இஸ்மேனியா அத்தை வீடு.

எங்கள் காப்பி மலையில் ஹாரன் விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு தாளம். தன் வீட்டுக்குக் கீழே வந்து அடித்தால், ‘வந்துட்டேன், அடுப்பை மூட்டு’ என்று பெண்டாட்டிக்குச் செய்தி. அடுத்தவர் வீட்டுக்குக் கீழே, அதுவும் மாமா மாதிரி கல்யாணமாகாத ஆள் அடித்தால்? ஊர் சும்மா விடுமா?

காப்பி மூட்டை மேல் உட்கார்ந்து வரும் நோர்பெர்த்தோ மூக்கால் இழுத்து இழுத்துப் பேசுவார்: “என்னா மாப்ளே, கல்லறையில வச்ச பூவே இன்னும் வாடலை. அதுக்குள்ள அடுப்பை மூட்டச் சொல்றியா?”

கடைக்கார ஃபானோரி கீச்சுக் குரலில்: “அய்யோ மாதாவே! கில்தார்தோ ஆவிதான் அமுக்குது!”

மாமா கழுத்தைச் சொறிவார். “ஒயர் கோளாறுங்க. குலுக்கல்ல எங்கேயோ உரசுது.”

மூன்று குரலையும் நான் செய்துகாட்டினால் சந்தையே விழுந்து விழுந்து சிரிக்கும். அம்மா மட்டும் சிரிக்க மாட்டாள்.

“கில்தார்தோ போனதிலேருந்து அவளுக்குப் பச்சத்தண்ணிதான். நான் குடுத்துவிட்ட சூப் தொடாம திரும்பி வந்துச்சு. அவளையும் தூக்க வேண்டியிருக்குமோன்னு பயந்தேன். இப்பதான் அந்த வீட்டுல புகை தெரியுது. கேலி பேசி அதையும் கெடுத்துடாதே!”

என் காதில் ஏறுமா? மாமாவுக்குக் காதல் என்று முடிவு கட்டியிருந்தேன். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டாமா?

ஒரு சனிக்கிழமை, சாலென்டோ சந்தையில் மூட்டைகளை இறக்கிவிட்டு மாமா வெல்லத் தண்ணீர் குடிக்கப் போனார். நான் ஹாரன் ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி முன்சீட்டில் உட்கார்ந்தேன். திரும்பும்போது நாங்கள் இரண்டு பேர்தான்.

மூங்கில் வளைவு வந்தது. சத்தமே இல்லை.

மாமாவின் கட்டைவிரல் மட்டும் ஸ்டியரிங் நடுவே அமுக்கு அமுக்கு என்று அமுக்கியது.

“ஒயர் கோளாறுங்களா?” என்றேன், அவர் குரலிலேயே.

மாமா சிரிக்கவில்லை. வண்டியை நிறுத்தி பிரேக்கை அழுத்திக்கொண்டார். எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது.

“டாய்ரா, நீ பிடுங்கினியா? அடிப்பாவி! இந்தச் சத்தம் கேட்டாத்தான்டி அவங்க அடுப்பை மூட்டுறாங்க. கில்தார்தோ அண்ணன் அடிச்ச மாதிரியே அடிக்கிறேன். அதைக் கேட்டா கை தானா சுள்ளியை எடுக்கும். மூட்டிட்டா ஏதாவது சாப்பிடுவாங்க. ஊரு சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்.”

மேலே பார்த்தேன். கூரையில் புகை இல்லை.

எனக்கு வேறென்ன தெரியும்? தலையை வெளியே நீட்டி வாயாலேயே அடித்தேன். பாப்! பாப்! பாஆஆஆ! அசல் ஹாரன் தோற்றுப்போகும்.

இஸ்மேனியா அத்தை வேலியோரம் வந்து நின்றார். முதலில் டிரைவர் சீட்டைத்தான் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“என்ன ஆர்சேசியோ, ஜீப்புக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?”

“ஒ... ஒயர் கோளாறு அக்கா.”

“மண்ணாங்கட்டி. எங்க வீட்டுக்காரர் நெட்டைச் சத்தத்தை முதல்ல அடிப்பார், குட்டை ரெண்டும் அப்புறம். நீ தலைகீழா அடிக்கிறே. முதல் நாளே தெரிஞ்சுபோச்சு.”

“தெரிஞ்சுமா அடுப்பு மூட்டினீங்க?”

“பின்னே? சமைச்சுப் போட ஆளில்லாதவன், பசிக்குதுன்னு கேக்கக் கூச்சப்பட்டு அடிக்கிறான்னு நெனச்சேன். தினமும் உனக்குன்னு சோள அரேபா ரொட்டி சுடுறேன். நீ நிக்காமப் போயிடுறே. வீணாப் போகுதேன்னு நானே திங்கிறேன்.”

மாமாவுக்குக் காது சிவந்துவிட்டது. “அப்போ... அண்ணன் மாதிரி சரியா அடிக்கட்டுமா அக்கா?”

அத்தை கீழே போகும் சாலையைப் பார்த்தார்.

“வேண்டாம்ப்பா. சரியா அடிச்சா, அவர்தான்னு ஓடி வந்துடுவேன். நீ தப்பாவே அடி. ஆனா நின்னு சாப்பிட்டுட்டுப் போ.”

மாமா அந்த ஏற்றத்திலேயே எஞ்சினை அணைத்து, சக்கரத்துக்குக் கல் வைத்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார்.

அணைந்த ஜீப்பும் நானும் சாலையில் நின்றோம். சுற்றிலும் பார்த்தேன். தள்ளுவதற்கு என்னைத் தவிர ஆள் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இப்போது சிரியுங்கள்.