பிளக் குழியில் தண்ணீர்

"சார், மீட்டர்ல அந்த இஞ்சின் லைட்டு சும்மா எரிஞ்சா மெதுவா ஓட்டிகினு வரலாம். இப்பிடி மினுக்குச்சுன்னா வண்டிய எடுக்கவே கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?"

பானட்டுக்குள் தலையை விட்டபடியே கேட்டான் மெக்கானிக் யூஜின். சென்னீர்குப்பத்தில் கடையைப் பூட்டிவிட்டு ஆவடிக்கு ஸ்கூட்டரில் வந்த எரிச்சல் அவனுக்கு.

"எங்கப்பா எடுத்தேன்? கேட்டைத் தாண்டறதுக்குள்ளயே உதற ஆரம்பிச்சிடுச்சு" என்றார் கிறிஸ்துதாஸ்.

தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் தரம் பார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஒரு போல்ட்டில் மயிரிழை கீறல் இருந்தாலும் பெட்டியோடு திருப்பி அனுப்பிய மனிதர். அவர் வாசலிலேயே ஒரு கார் குளிர்ஜுரம் கண்டதுபோல நடுங்கிக்கொண்டு, தெருவே வேடிக்கை பார்க்க நின்றால் மானம் போகுமா, போகாதா? அதுவும் வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத வண்டி.

வாங்கியது பழைய கார்தான். விற்றவர் பாஸ்கரன், அதே பிரிவில் பக்கத்து மேஜைக்காரர், வீடும் இரண்டு தெரு தள்ளித்தான். கிறிஸ்துதாஸின் மகள் ஹெலினா கல்யாணத்தில் பந்தி பரிமாறியது முதல் பந்தல்காரனோடு சண்டை போட்டது வரை எல்லாம் அவர்தான். வெளியாளுக்குக் கொடுக்க மனசு வரவில்லை என்று சொல்லித்தான் வண்டியைக் கொடுத்தார்.

யூஜின் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தான். இந்த மாதத்தில் மூன்றாவது தடவையாக அது அதே பதிலைச் சொன்னது: இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை. பிளக்குக்கு மேலே மாட்டியிருந்த காயிலைக் கழற்றி டார்ச் அடித்தான். மூன்றாவது தடவையாகப் பிளக் குழியில் தண்ணீர் தளும்பியது.

"வாட்டர் சர்வீஸ் வுட்டீங்களா சார்?"

"நீ மொத தடவை சொன்னதுலருந்து துடைக்கிற துணியைக்கூட நான் நனைக்கிறதில்ல."

"அப்ப இந்தத் தண்ணி எங்கருந்து வருது? மழயும் இல்ல, ஒண்ணும் இல்ல. அதுவும் புதன்கெழம புதன்கெழம கரீட்டா போன் பண்றீங்க."

எங்கிருந்து வருகிறது என்பதை கிறிஸ்துதாஸ் காலையில் பல் துலக்கும்போதே கண்டுபிடித்துவிட்டார். இது வெள்ளத்தில் முழுகிய வண்டி. அந்த டிசம்பர் மழையில் பாதி ஊர் மிதந்ததே, அப்போது முழுகியிருக்கிறது. உள்ளே தங்கிய தண்ணீர் இப்போது கொஞ்சம் கொஞ்சமாக ஊறி வருகிறது.

யூஜின் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஊறுவதற்கு அது என்ன கிணறா என்று கேட்டான். முழுகிய வண்டி என்றால் சீட்டுக்கு அடியில் சேறு இருக்கும், துரு இருக்கும், நாற்றம் இருக்கும், இதில் எதுவுமே இல்லையே என்றான்.

ஆனால் கிறிஸ்துதாஸ் ஏற்கெனவே ரிஜெக்ட் முத்திரை குத்தியாகிவிட்டது. பாஸ்கரனுக்குப் போனும் போட்டாகிவிட்டது. "முழுகின வண்டியை என் தலையில கட்டிட்டியேடா" என்று கேட்டுவிட்டார். வெள்ளத்தன்று வண்டியை மேம்பாலத்தில் நிறுத்திவிட்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்ததாக பாஸ்கரன் சத்தியம் செய்தார். நம்பமாட்டேன் என்றார் இவர். பிறகு, பத்து மணிக்கு வந்து வண்டியை எடுத்துக்கொள்வதாகவும், அதன்பின் அந்த வீட்டுப் படியை மிதிக்கப் போவதில்லை என்றும் சொல்லி பாஸ்கரன் போனை வைத்துவிட்டார்.

அவசரப்பட்டுவிட்டோமோ என்று அதிலிருந்து கிறிஸ்துதாஸுக்கு ஒரு மனசு அடித்துக்கொண்டது. ஆனால் அவர் ரிஜெக்ட் செய்த பொருளைத் திரும்ப ஏற்றுக்கொண்டதாகச் சரித்திரமே கிடையாது.

மனைவி சகாயம்மாள் யூஜினுக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு வண்டிக்காகக் கூடப்பிறந்தவர் மாதிரி இருப்பவரைப் பகைத்துக்கொள்வதா என்று கணவரிடம் ஆதங்கப்பட்டாள். மாதாவிடம் சொல்லியிருக்கிறேன், எல்லாம் சரியாகிவிடும் என்றாள்.

"மாதாவுக்கு மெக்கானிக் வேலை வேற குடுத்துட்டியா? நீ உள்ள போ" என்றார் அவர்.

பத்து மணிக்கு பாஸ்கரன் வந்தார். வழக்கம்போல 'தாஸு' என்று தெருவிலிருந்தே கூப்பிடவில்லை. கேட்டுக்கு வெளியே நின்று, முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினார். கிறிஸ்துதாஸ் சாவியை எடுத்தார். அதைக் கொடுத்துவிட்டால் இருபத்தெட்டு வருடப் பழக்கமும் சேர்ந்து போய்விடும் என்று அவருக்குத் தெரிந்தது.

உள்ளே இருந்து சகாயம்மாள் வேகமாக வந்து இருவருக்கும் நடுவில் நின்றாள்.

"அண்ணே, கோவத்துல சாவியை வாங்கிடாதீங்க. ஒரே ஒரு வாரம் பொறுத்துக்குங்க. நானும் என்னால ஆனதைப் பண்ணிட்டுதான் இருக்கேன்."

"நீ என்ன பண்ணினே?" என்று கேட்டார் கிறிஸ்துதாஸ்.

"வண்டி வந்தன்னிக்கு சர்ச் சாமியார் வெளியில மட்டும் தெளிச்சு மந்திரிச்சுட்டுப் போயிட்டாருங்க. உள்ள இருக்கற இஞ்சினை யாரு பாக்கறது? அதான் செவ்வாக்கிழமை செவ்வாக்கிழமை மாதா கோயில்ல நவநாள் பூசை முடிஞ்சு வந்ததும், பானட்டைத் தூக்கி மந்திரிச்ச தண்ணியை நானே நல்லா உள்ள ஊத்தறேன்."

யூஜின் டீ டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தான்.

"ஒரு பாட்டில் பத்தல போலருக்கு. வர்ற வாரம் கேன் எடுத்துட்டுப் போறேன்" என்றாள் சகாயம்மாள்.