பட்டியலில் இல்லாத நிபுணர்

“எனக்குத் தொண்டை கட்டிப்போச்சும்மா. டிவியில எல்லாம் பேச முடியாது,” என்றார் பேராசிரியர் போனில், கணீரென்ற குரலில்.

பல்கலைக்கழகத்தின் செய்தித் தொடர்பு அதிகாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தேர்தலுக்குப் பத்தே நாள். ‘எங்கள் நிபுணர்களைக் கேளுங்கள்’ என்று பத்திரிகைகளுக்கெல்லாம் அவள்தான் பட்டியல் அனுப்பியிருந்தாள். வரிக்கு ஒருவர், மருத்துவத்துக்கு ஒருவர், வீட்டு வசதிக்கு இவர். மற்ற இருவரையும் சீண்ட ஆளில்லை. இந்தத் தேர்தலே வீட்டு வாடகையைச் சுற்றித்தான் நடந்துகொண்டிருந்தது. வாடகைக்கு உச்சவரம்பு வைப்போம் என்றது ஒரு கட்சி. வைத்தால் நாட்டில் ஒருத்தரும் புது வீடு கட்ட மாட்டார்கள் என்றது இன்னொன்று.

“போன வாரம் ரேடியோக்காரங்க கூப்பிட்டப்போ பல்வலின்னீங்க சார்.”

“ஆமா, கடைவாய்ப் பல்.”

“நேத்து நிருபர் வந்தப்போ கார் பஞ்சர்னீங்க. அவர்தான் உங்க ரூமுக்கே வந்துட்டாரே, காருக்கு அங்க என்ன வேலை?”



“மூணாவது மாடியில ஒரு விரிவுரையாளர் இருக்காங்களே, அவங்களைக் கேட்டுக்கச் சொல்லும்மா. நல்லா சொல்வாங்க.”

போனை வைத்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் இதே பதில்தான்.

சொல்லி வைத்தாற்போல அந்த விரிவுரையாளரே படியேறி வந்து நின்றாள். சின்னப் பெண். தற்காலிக வேலை. ஜெராக்ஸ் மெஷின் இருக்கிற அறையில், அது போக மிச்சமிருந்த இடம் அவளுடையது.

“மேடம், உங்க பட்டியல்லேர்ந்து என் பேரை எடுத்துடுங்க. விடியறதுக்குள்ள ரேடியோக்காரங்க எழுப்பறாங்க. இப்ப டிவிக்கு வேற வரச் சொல்றாங்க.”

“பட்டியல்ல உங்க பேரே இல்லையேம்மா.”

“அப்புறம் எப்படி?”

“சார்தான் எல்லாரையும் உங்ககிட்ட அனுப்பறார்.”

அவள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“அப்படியா சேதி. பழி வாங்கறார்.”

“எதுக்கு?”

“போன வருஷம் அவர் புத்தகத்துக்கு விமர்சனம் எழுதினேன். பூட்டிக் கிடக்கிற வீட்டையெல்லாம் ஆள் குடியிருக்கிற வீடுன்னு எண்ணியிருக்கார், அதனால புத்தகத்தோட முடிவே தப்புன்னு எழுதினேன். அன்னையிலேர்ந்து லிஃப்ட்ல பார்த்தாக்கூடப் பேச்சு கிடையாது.”

“அவர் பேசறதில்லையா?”

“நான் பேசறதில்ல. அவர் வணக்கம் சொல்வார். அதுல எவ்வளவு நக்கல் இருக்குன்னு எனக்குத்தான் தெரியும்.”

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தப் பெண் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“இன்னும் மூணு மாசத்துல என் வேலை முடியுது மேடம். என்னை நிரந்தரமாக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ற குழுவுக்கு அவர்தான் தலைவர். ரெண்டு கட்சிக்காரங்களுக்கு நடுவுல உக்காந்து நான் திணறணும், அதை நாடே பார்க்கணும், அதையே சாக்கா வச்சு என்னை வீட்டுக்கு அனுப்பணும். அதானே திட்டம்? நான் போக மாட்டேன்.”

அதிகாரி எழுந்தாள். நேராகப் பேராசிரியரின் அறைக்குப் போனாள். தொண்டை கட்டிய மனிதர் ஐஸ் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் பொண்ணு வர முடியாதுன்னுட்டா சார். அஞ்சு மணிக்கு நீங்கதான் டிவியில உக்காரணும்.”

அவர் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

“அவங்க போனா நல்லா இருக்குமே.”

“யாருக்கு நல்லா இருக்கும்?”

அவள் குரலில் இருந்த சூடு அவருக்கு உறைத்திருக்க வேண்டும். கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

ஐந்து மணிக்கு இரண்டு பெண்களும் அலுவலகத்து டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். “பாருங்க, நான் பயந்து ஓடிட்டேன்னு சொல்லப்போறார்,” என்று விரிவுரையாளர் நகத்தைக் கடித்தாள்.

திரையில் பேராசிரியருக்கு இரண்டு பக்கமும் இரண்டு கட்சிக்காரர்கள். ஒருவர் கையில் பேராசிரியரின் புத்தகம்.

“வாடகைக்கு வரம்பு வச்சா வீடு கட்டறதே நின்னுபோகும்னு சாரே எழுதியிருக்கார். நூத்திப் பன்னிரண்டாம் பக்கம். இதுக்கு மேல என்ன வேணும்?”

“என்ன சார் சொல்றீங்க?” என்று கேட்டார் நிகழ்ச்சி நடத்துபவர்.

பேராசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அந்தப் பக்கம் தப்பு.”

கட்சிக்காரர் புத்தகத்தை மெல்ல மேசைக்கு அடியில் இறக்கினார். இன்னொரு பக்கத்துக் கட்சிக்காரர் முகம் மலர்ந்தது.

“நீங்களும் சந்தோஷப்படறதுக்கு ஒண்ணுமில்ல. நீங்க சொல்றதும் பாதிதான் சரி.”

“அப்ப முழுசா எதுதான் சார் சரி?” என்றார் நிகழ்ச்சி நடத்துபவர்.

“எங்க மூணாவது மாடி விரிவுரையாளர் எழுதினது. நான் வீடுகளை எண்ணினதுல தப்பு இருக்குன்னு கண்டுபிடிச்சது அவங்கதான். ஒரு வருஷமா நானும் திருப்பித் திருப்பிக் கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன், அவங்க சொன்னதுதான் நிக்குது. ஜனங்க என் தப்பை நம்பி ஓட்டுப் போட்டுடக் கூடாதேன்னுதான், வர்றவங்களையெல்லாம் அவங்ககிட்ட அனுப்பிட்டு இருந்தேன். என் வாயால ஒத்துக்க வெட்கமா இருந்தது. அதுக்குத்தான் பல்வலி, தொண்டைவலி எல்லாம்.”

விரிவுரையாளர் நகத்தைக் கடிப்பதை நிறுத்தியிருந்தாள்.

பேராசிரியர் கொஞ்சம் தயங்கிவிட்டு, நிகழ்ச்சி நடத்துபவர் பக்கம் சாய்ந்தார்.

“இன்னைக்குன்னு பார்த்து அவங்க வர மாட்டேன்னுட்டாங்க. திரையில அவங்க நம்பரைப் போட முடியுமா?”